பதினாலாயிரம் கிலோமீற்றர் பொய்

ட்ரிங்... ட்ரிங்...!

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்து.

சுன்னாகம் சந்தைக்கு எதிரே, மாடியில், 'வான்மதி ரவல்ஸ்' பயண முகவர் நிலையம். ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், கரகரக்கும் ஒரு மின்விசிறி. அவற்றுக்கு நடுவே தர்சிகா.

வயது இருபத்தேழு. எந்த நகரத்திலிருந்து எந்த நகரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால், கொம்பியூட்டர் யோசித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

ரிசீவரை எடுத்தாள்.

"வணக்கம், வான்மதி ரவல்ஸ்."

"தங்கச்சி... ரொறன்ரோவிலை இருந்து யாழ்ப்பாணம் வர எத்தினை மணித்தியாலம் பிடிக்கும்?"

ஆண் குரல். அவசரமான குரல். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் தொண்டையை ஒரு தடவை செருமிக்கொண்டது.

"ரொறன்ரோ கொழும்பு பதினாலாயிரம் கிலோமீற்றர் அண்ணை. நேர் பிளைற் இல்லை. தோகாவிலை மாறி வந்தா எல்லாமா இருபது இருபத்தொரு மணித்தியாலம். கட்டுநாயக்கா எயாப்போட்டிலை இருந்து வான் பிடிச்சு வர இன்னும் ஏழு. எப்ப வெளிக்கிட வேணும்?"

"அவசரம் எண்டு வையுங்கோ. செய்தி கேட்ட உடனை வெளிக்கிட்டா... ஆகக் கெதியா எப்ப வந்து சேரலாம்?"

தர்சிகாவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின.

"அங்கை இப்ப திங்கள் இரவு பத்து நாப்பது. இண்டையான் பிளைற் போயிட்டுது. செவ்வாய் இரவு ஒன்பது மணிக்குத்தான் அடுத்தது. அதிலை ஏறினா வியாழன் விடிய மூண்டரைக்குக் கட்டுநாயக்கா. பதினொரு மணிக்கு யாழ்ப்பாணம்."

"அதுக்கு முந்தி ஏலாதோ?"

"ஆர் வந்தாலும் ஏலாது அண்ணை."

ஒரு பெருமூச்சு கேட்டது.

தர்சிகா நெற்றியைச் சுருக்கினாள். இந்தப் பதிலைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. ஏசியவர்கள் உண்டு. நிம்மதியாக மூச்சு விட்டவனை இன்றைக்குத்தான் கேட்கிறாள்!

"செத்தவீடோ அண்ணை? ஆர்?"

யாழ்ப்பாணத்தில் யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் எதிர்முனை அதை எதிர்பார்க்கவில்லை.

"எங்கடை... பெரியம்மா. கோப்பாய் ஞானாம்பிகை."

டக்!

இணைப்பு அறுந்தது.

ஞானாம்பிகை அன்ரியா? போன வருடம் மகனைப் பார்க்கக் கனடா போனபோது இங்கேதானே ரிக்கெற் போட்டார்! திரும்பி வந்ததும் ஒரு பெட்டி சொக்கிளேற் கொண்டுவந்து தந்தவர்!

பாவம்.

ஒரு மணித்தியாலம் கழிந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்தது.

தர்சிகா நிமிர்ந்தாள்... கையிலிருந்த பேனா நழுவியது!

குடை. வெங்காயமும் முருங்கைக்காயும் நிறைந்த சந்தைப் பை. நெற்றியில் திருநீறு. அறுபத்தெட்டு வயது.

"என்ன பிள்ளை, பேயைக் கண்ட மாதிரிப் பாக்கிறாய்?"

ஞானாம்பிகை!

"அ... அன்ரி! நீங்கள்..."

"முதல் தண்ணி தா. உந்தப் படி ஏறினா உயிர் போகுது."

தர்சிகா தண்ணீரை ஊற்றி நீட்டினாள்.

"பங்குனியிலை ஒரு ரிக்கெற் போடு பிள்ளை. ரொறன்ரோவுக்கு. மகன் பிரவீணனோடை நேரிலை கதைக்க வேண்டிய விசயம் ஒண்டு இருக்கு. போனிலை கதைச்சா அவனுக்குக் கோவம்தான் வருது."

"அன்ரி, உங்களைப் பெரியம்மா எண்டு ஆர் கூப்பிடுறவை?"

"ஏன்? சுதாகரன்தான். தங்கச்சியின்ரை மகன். அவனும் பெண்சாதி கோபிகாவும்தானே என்னோடை இருக்கினம்."

தர்சிகா கதவைச் சாத்தினாள். காலையில் வந்த அழைப்பை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

ஞானாம்பிகை சிரித்துவிட்டார்!

"சுதனோ? அவன் நான் சோறு தீத்தி வளத்த பிள்ளை. ஆரோ பகிடி விட்டிருக்கிறான். நீ போய் நம்பிக்கொண்டு..."

"பகிடி விடுறவன் ஏன் அன்ரி மணித்தியாலம் கேக்கிறான்? உங்கடை மகன் வந்து சேர முந்திச் செத்தவீட்டை முடிக்கத்தான் கேட்டிருக்கிறான்!"

"விசர்க்கதை கதையாதை."

"சரி. இண்டைக்குத் தனிய இருக்காதையுங்கோ."

"அவையள் ரெண்டு பேரும் பின்னேரம் கரவெட்டிக்குப் போகினம், கலியாணவீடு. பிரவீணன்ரை சினேகிதன்ரை. தன்ரை சார்பிலை கட்டாயம் போகச் சொல்லி அவன் கனடாவிலை இருந்து எடுத்துச் சொன்னவன்." குடையை விரித்தபடியே படியிறங்கினார். "பயப்பிடாதை. நான் இப்பத்திக்குச் சாகமாட்டன்!"

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்!

மத்தியானம். பொலிஸ் காவலரண்.

சார்ஜன் கிறிஸ்ரி சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டு, முழுவதையும் கேட்டார். ஐம்பது வயது. பெல்ட்டுக்கு வெளியே வழியும் வயிறு.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை சேர்."

"ஆர் வெருட்டினது?"

"ஒருத்தரும் வெருட்டேல்லை."

"ஆள் எங்கை?"

"வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டை போயிட்டா."

கிறிஸ்ரி அவளை உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, பிளைற் எத்தினை மணிக்கு எண்டு கேக்கிறது குற்றம் எண்டு எந்தச் சட்டத்திலையும் இல்லை." ஒரு துண்டில் நம்பரை எழுதித் தந்தார். "ஏதும் நடந்தா எடுங்கோ."

"நடந்த பிறகோ சேர்?"

கிறிஸ்ரி பார்சலைத் திறந்தார். ஆனால் சோறு இறங்கவில்லை.

தர்சிகாவுக்கும்தான். ஒரு ரிக்கெற்றில் பெயரைப் பிழையாக அடித்தாள். இன்னொன்றில் திகதியை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். மகனிடம் சொல்லிவிடுவது! பிரவீணனின் கனடா நம்பர் போன வருட ரிக்கெற்றில் இருந்தது.

மணியைப் பார்த்தாள். மூன்றரை. ரொறன்ரோவில் விடிய ஐந்து. எழுப்பினாலும் பரவாயில்லை.

வட்ஸ்அப்பில் அழைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்!

"ஹலோ... ஆர்?"

"அண்ணா, நான் சுன்னாகம் வான்மதி ரவல்ஸிலை இருந்து தர்சிகா. நித்திரையைக் குழப்பிப் போட்டனோ?"

"ம்... இல்லை. இப்பதான் எழும்பினனான். வெளியிலை ஒரே ஸ்னோ. என்ன விசயம்?"

சொன்னாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அண்ணா?"

"சுதன்... அப்பிடிச் செய்வானோ?" குரல் உடைந்தது. "பொலிசுக்குச் சொன்னியளோ?"

"சொன்னனான். நம்பேல்லை."

"அது... பரவாயில்லை. இனி ஒருத்தரிட்டையும் சொல்லாதையுங்கோ. சுதன் உசாராயிடுவான். நான் உடனை வெளிக்கிடுறன். வியாழன் பதினொரு மணிக்கு வீட்டு வாசல்லை நிப்பன்."

தொண்டையை ஒரு தடவை செருமினான்.

"பெரிய உபகாரம் தங்கச்சி."

தர்சிகா போனைக் காதோடு அழுத்தினாள்!

வியாழன் பதினொரு மணி...

ரிக்கெற் போடவில்லை. நேரம் பார்க்கவில்லை. எந்தப் பிளைற் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பதினொரு மணி இவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரத்தை அவள் ஒரே ஒருவனுக்குத்தான் சொல்லியிருந்தாள்!

அப்போதுதான் அது கேட்டது. போனுக்குள்ளிருந்து. தூரத்தில். கிணுகிணுவென்ற ஒரு மெட்டு... பேக்கரிப் பாணை ஒழுங்கைகளில் கொண்டு திரிந்து விற்கும் ஓட்டோவின் பாட்டு! பற்றரி இறங்கியதாலோ என்னவோ, மூன்று சுரத்துக்கு ஒரு தடவை இழுத்து அழுதது.

விடிய ஐந்து மணிக்கு...

ஸ்னோ கொட்டுகிற ரொறன்ரோவில்...

பாண் ஓட்டோ!

"என்ன தங்கச்சி, பேசாமல் நிக்கிறியள்?"

"ஒ... ஒண்டுமில்லை அண்ணா. பத்திரமா வாங்கோ."

துண்டித்தாள். ஞானாம்பிகையின் நம்பரை அழுத்தினாள்.

எடு... எடு அன்ரி... எடு!

"சொல்லு பிள்ளை."

"அன்ரி! வீட்டிலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அவையள் மூண்டு மணிக்கே வெளிக்கிட்டிட்டினம்."

"பிரவீணன் அண்ணாவோடை நேரிலை கதைக்க வேணும் எண்டனீங்கள்... என்ன விசயம் அன்ரி? கட்டாயம் சொல்லுங்கோ!"

"உனக்கேன் பிள்ளை..." ஒரு தயக்கம். "வெள்ளிக்கிழமை நொத்தாரிசிட்டைப் போறன். வீட்டையும் வளவையும் கோபிகாவின்ரை பேரிலை எழுதப்போறன். ஒன்பது வருசமா என்னைப் பாக்கிறவள் அவள். போன கிழமை பிரவீணனுக்குச் சொன்னனான். வித்துத் தா எண்டு நிண்டவன், அண்டையோடை கதையை நிப்பாட்டிப் போட்டான்."

அப்படியானால் சுதாகரனுக்கு அவர் வெள்ளிக்கிழமை வரை உயிரோடு இருக்க வேண்டும்!

வெள்ளிக்கிழமை வரை அவர் உயிரோடு இருக்கக் கூடாது, இன்னொருவனுக்கு!

அவன் காலையில் கேட்டது, எப்படி வருவது என்றல்ல. அவன் ஏற்கெனவே வந்துவிட்டான்! தாய் செத்த செய்தி கேட்டுக் கனடாவிலிருந்து ஓடிவருகிற மகனாக, எத்தனை மணிக்கு வாசலில் வந்து அழுதால் ஊர் நம்பும் என்றுதான் கேட்டிருக்கிறான்!

போனுக்குள் ஒரு சத்தம்.

கிணுகிணு... கிணு... இழுத்து அழுகிற அதே மெட்டு!

"அன்ரி! உங்கடை ஒழுங்கைக்குள்ளை பாண் ஓட்டோ நிக்குதோ?"

"ஓம். இப்பதான் திரும்புது. உனக்கென்னெண்டு தெரியும்?"

"கதவைப் பூட்டுங்கோ! உள்ளை போங்கோ! ஆர் கூப்பிட்டாலும்..."

"பொறு பிள்ளை, படலையிலை ஆரோ ஹெல்மெற்றோடை நிக்கினம். கையிலை ஒரு பார்சல். பாத்திட்டு வாறன்."

"அன்ரி! போகாதையுங்கோ! அன்ரி!"

டக்!

மீண்டும் அழுத்தினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

கிறிஸ்ரியின் நம்பரை அழுத்தியபடியே படிகளில் பாய்ந்தாள்.

"சேர்! ஏதும் நடந்தா எடுக்கச் சொன்னியளே... இப்ப நடக்குது!"

கிறிஸ்ரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டாவது நிமிடம் அவருடைய மோட்டார் சைக்கிள் சந்தை வாசலில் உறுமியது. அவள் பின்னால் ஏறினாள்.

"ஜீப்புக்கு அடிச்சனான். அது மற்றப் பக்கத்திலை நிக்குது. நாங்கள்தான் முதல் போவம். இறுக்கிப் பிடியுங்கோ!"

மருதனார்மடம். ஒரு மினி பஸ்ஸை உரசிக்கொண்டு முந்தினார்.

உரும்பிராய். சைக்கிளில் வந்த ஒருவர் வேலியோடு ஒதுங்கி ஏசினார்.

பதினாலாயிரம் கிலோமீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் பார்க்கிறவளுக்கு இந்த ஒன்பது கிலோமீற்றர் முடிய மாட்டேன் என்றது!

"சேர், கெதியா..."

"இதுக்கு மேலை போனா எங்கள் ரெண்டு பேருக்கும்தான் செத்தவீடு!"

கோப்பாய். ஒழுங்கை. படலை அகலத் திறந்து கிடந்தது.

விறாந்தையில் ஒரு வெற்றுப் பெட்டி. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. ஞானாம்பிகையின் செருப்பு!

"அன்ரி!"

பதில் இல்லை.

வளவின் பின்பக்கமிருந்து ஒரு முனகல். கிறிஸ்ரி முன்னால் ஓடினார். தர்சிகா வாழைகளை விலக்கிக்கொண்டு பின்னால்.

கிணறு!

கிணற்றுக்கட்டோடு ஞானாம்பிகை! தலைமுடி குலைந்து, சட்டைக் கை கிழிந்து, உதட்டில் இரத்தம். ஒரு காலைக் கட்டின்மேல் ஊன்றி, வாளிக்கயிற்றை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்தபடி நின்றார்.

"கெதியா வாங்கோ! கை வழுகுது! உள்ளுக்கை... உள்ளுக்கை என்ரை பிள்ளை!"

கிறிஸ்ரி கயிற்றைப் பாய்ந்து பிடித்தார். தர்சிகா எட்டிப் பார்த்தாள்.

மாரி மழையில் பாதிவரை நிறைந்திருந்த கிணறு. கயிற்றின் நுனியில், ஹெல்மெற் கழன்று, நீச்சல் தெரியாமல் மூச்சுத் திணறிக்கொண்டு... பிரவீணன்!

ஐந்து நிமிடம் பிடித்தது, அவனை மேலே எடுக்க.

சேற்றில் குப்புறக் கிடந்து இருமினான். கிறிஸ்ரி ஒரு கையால் அவனுடைய கொலரைப் பிடித்திருந்தார்.

"என்னம்மா நடந்தது?"

ஞானாம்பிகை கிணற்றுக்கட்டில் சாய்ந்தார். கண்கள் மகனைவிட்டு அசையவில்லை. கயிறு கிழித்த உள்ளங்கைகளிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அதற்குள் பிரவீணன் முந்திக்கொண்டான்.

"சேர், நான் அவவின்ரை மகன். அம்மாவுக்குச் சப்ரைஸ் குடுக்க வந்தனான். தண்ணி அள்ளேக்கை கால் வழுகி... அம்மா, சொல்லுங்கோ! நான் வழுகி விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ!"

ஒரு சொல் போதும். வழுக்கி விழுந்தான் என்று தாய் சொன்னால் வழக்கே இல்லை! தர்சிகா அவரைப் பார்த்தாள். கிறிஸ்ரியும் பார்த்தார். இந்த ஊரில் தாய்மார் என்ன சொல்வார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

ஞானாம்பிகை மெல்ல நிமிர்ந்தார்.

"பார்சல் கடுதாசியை நீட்டினான், கையெழுத்து வைக்கப் பேனை எடுக்கத் திரும்பினனான். பின்னாலை வந்து வாயைப் பொத்தினான். இழுத்துக்கொண்டு வந்தான், இந்தக் கிணத்துக்கட்டு வரைக்கும். தூக்கிப் போடப் பாத்தான். கையைக் கடிச்சுப் போட்டன்."

"அப்ப கத்தினான் சேர்... 'ஐயோ அம்மா' எண்டு. நாப்பது வருசமா நான் கேட்ட குரல். அவன்ரை சேட்டைப் பிடிச்சிருந்த என்ரை கை தன்ரை பாட்டிலை விட்டுட்டுது. அவனும் திகைச்சுப் போய்ப் பின்னாலை காலை வைச்சான். பாசி. விழுந்திட்டான்."

"அம்மா!" பிரவீணன் அலறினான். "பிறகேன் கயிறு போட்டனீங்கள்? என்னைக் காப்பாத்தத்தானே போட்டனீங்கள்!"

"ஓம். கிணத்துக்குள்ளை இருந்து எடுத்தது உன்னைப் பெத்தவள்." ஞானாம்பிகை கண்ணைத் துடைத்தார். "இப்ப கதைக்கிறது நீ கொல்ல வந்தவள். எழுதுங்கோ சேர்."

அதற்குமேல் நிற்க முடியவில்லை. தர்சிகாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

ஜீப் வந்து சேர்ந்தபோது நாலே முக்கால்.

விலங்கு மாட்டும்போதும் பிரவீணன் விடவில்லை.

"எல்லாம் இந்தப் பெட்டையாலை! கூகிளிலை தேடினா தடம் இருக்கும் எண்டுதான் லாண்ட்லைனுக்கு எடுத்தனான். பின்னேரம் செத்த செய்தி வந்தா, காலமை கேட்டதா பின்னேரம் கேட்டதா எண்டு ஆர் பாக்கப்போயினம் எண்டு..."

"அம்மா கடைக்கு வருவா எண்டு தெரியேல்லையோ?" என்றாள் தர்சிகா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கிறிஸ்ரி அவனுடைய இடுப்புப் பையைத் திறந்தார். நனைந்த கடவுச்சீட்டு. ஒட்டிக்கிடந்த பக்கங்களைக் கவனமாகப் பிரித்தார். குடிவரவு முத்திரை மங்கலாகத் தெரிந்தது. திகதி... முந்தநாள், ஞாயிற்றுக்கிழமை!

"வியாழன் பதினொரு மணிக்குத்தானே வாறதெண்டனீர்?"

கிறிஸ்ரி வயிற்றுக்கு மேலே பெல்ட்டை ஏற்றி இறுக்கிக்கொண்டு, ஜீப்பின் கதவை அவனுக்காகத் திறந்து பிடித்தார்.

"ஏறும் தம்பி. இந்த நாட்டிலை ரெயினும் பிந்தும், பஸ்ஸும் பிந்தும், பொலிசும் பிந்தும். இருபத்தாறு வருச சேவையிலை, நேரத்துக்கு முந்தி வந்ததுக்காக நான் பிடிக்கிற முதல் ஆள் நீர்தான்!"